5 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர்: வீட்டுப் பட்டறைக்குத் தேவையா?

சாயங்காலமானால் வோல்டேஜ் குறைந்து தெருவே மங்கும் ஊரில், 170 முதல் 270 வோல்ட் வரை இன்புட் எடுக்கும் சிங்கிள் ஃபேஸ் சர்வோ ஸ்டெபிலைசர் கொடுத்த காசுக்கு உழைக்கும். உள்ளே ஒரு சின்ன மோட்டார் கார்பன் பிரஷைக் காயில்மேல் நகர்த்தி வோல்டேஜைச் சரிசெய்யும் கருவி இது. 180 வோல்ட்டில் இண்டக்‌ஷன் மோட்டாரின் இழுவை பத்தில் ஆறு பங்காகக் குறைந்துவிடும். திணறியபடி கூடுதல் ஆம்பியர் இழுத்து வைண்டிங் கருகும். சர்வோ இருந்தால் அவுட்புட் 230-ஐ ஒட்டியே நிற்கும். ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) வகை ஸ்டெபிலைசர் மலிவுதான், ஆனால் வோல்டேஜ் படிப்படியாகத் தாவும்.

மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் லைட் மங்கினால் இதை வாங்காதீர்கள். சர்வோ திரும்பிச் சரிசெய்வதற்குள் ஸ்டார்ட்டிங் முடிந்துவிடும். அங்கே குற்றவாளி பெரும்பாலும் ஒயர். மோட்டாரை ஓடவிட்டு மீட்டர் போர்டிலும் பட்டறை சாக்கெட்டிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். போர்டில் 225, சாக்கெட்டில் 205 என்றால் இழப்பு உங்கள் வீட்டுக்குள்தான். 2 ஹெச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர், கிளம்பும்போது 55 வரை எடுக்கும். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் போட்டிருந்தால், கிளம்பும் நொடியில் 40 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது 10 வோல்ட். ஓடும்போதே 20 வோல்ட் குறைகிறதென்றால் ஒயர் மட்டும் காரணமல்ல. எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்), ஐசோலேட்டர் (மெயின் சுவிட்ச்) ஸ்குரூக்களில் லூஸ் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு, கருகிய முனையை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்க வேண்டும்.

மங்குவதற்குப் பதில் சில லைட்டுகள் பளிச்சென்று எரிந்தால் விஷயம் ஆபத்தானது. த்ரீ ஃபேஸ் இணைப்பில் ஒரு ஃபேஸ் 270, இன்னொன்று 180 என்று காட்டி, ஃபேஸுக்கு ஃபேஸ் 400 சரியாக இருந்தால் நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு ஒயர்) விட்டுப்போயிருக்கிறது. உடனே மெயினை இறக்குங்கள். நியூட்ரலை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனும், மீட்டருக்கு வெளியே என்றால் மின்வாரியமும்தான் தொட வேண்டும். எந்த ஸ்டெபிலைசரும் இதற்கு மருந்தில்லை.

ஸ்டெபிலைசர் வாங்குவதானால் ஹை, லோ கட்-ஆஃப் (வோல்டேஜ் எல்லை மீறினால் தானாகத் துண்டிப்பது), பைபாஸ் சுவிட்ச் (ஸ்டெபிலைசரைத் தவிர்த்து நேரடியாக மின்சாரம் தருவது) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். வெல்டிங் மெஷினை இதன் வழியாக ஓட்டக்கூடாது. மரத்தூள் பறக்கும் இடத்திலும் வைக்கக்கூடாது: தூள் படிந்தால் கார்பன் பிரஷ் காயிலில் சரியாகப் பதியாமல் பொறி பறக்கும், காயிலின் அந்த இடம் கறுத்துப்போகும். பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.