தமிழ் ஸ்ட்ரிங்கில் கை வைத்தால் எந்த மொழி கத்தும், எந்த மொழி கம்மென்று இருக்கும்?

‘நிதி’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று புரோகிராமிங் மொழிகளில் ஒன்றான ஸ்விஃப்டிடம் கேட்டால் 2 என்கிறது. பைத்தானும் டெல்பியும் 4 என்கின்றன. ரஸ்டும் கோவும் 12 என்கின்றன. எதுவும் தப்பில்லை. ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது, பைத்தான் கோட் பாயிண்ட்டை, அதாவது யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் கொடுக்கும் எண்ணை (ந, இகரக் குறி, த, இன்னொரு இகரக் குறி), டெல்பி யூடிஎஃப்-16 துண்டுகளை, மற்ற இரண்டும் யூடிஎஃப்-8 பைட்டுகளை (இவை இரண்டும் அந்த எண்ணைச் சேமிக்கும் முறைகள்). இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த மொழி யூனிகோடுக்கு உசத்தி என்று சண்டை போடுபவர்கள் நிறைய. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. டாக்குமென்டேஷனை ஒரு முறை படித்தால் தெரிந்துவிடும் விஷயம் அது. நான் பார்ப்பது வேறு: ஸ்ட்ரிங்கை, அதாவது புரோகிராமுக்குள் இருக்கும் எழுத்துத் தொடரை, நாம் தப்பாகக் கையாளும்போது அந்த மொழி எந்தக் கட்டத்தில் வாய் திறக்கிறது? கம்பைல் (எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) ஆகவே விடாதா, வார்னிங் கொடுத்துவிட்டு விட்டுவிடுமா, ஓடும்போது விழுமா, இல்லை டேட்டா நாசமாகி ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் போன் செய்யும் வரை சும்மா இருக்குமா?

டெல்பியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வார்னிங் என்ற விஷயத்தின் நல்லது கெட்டது இரண்டும் அங்கேதான் பளிச்சென்று தெரியும். டெல்பி 2009-ல் ‘ஸ்ட்ரிங்’ என்ற வகையையே, கோட் பேஜ் என்ற எழுத்து அட்டவணையை நம்பும் ஆன்சியிலிருந்து யூடிஎஃப்-16-க்கு மாற்றிவிட்டார்கள். பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. பழைய ப்ராஜெக்டைத் திறந்து கம்பைல் செய்தால் வார்னிங் மழை. டபிள்யூ1057 என்றால் ஆன்சி ஸ்ட்ரிங்கை நீங்கள் சொல்லாமலே யூனிகோடுக்கு மாற்றுகிறேன் என்று அர்த்தம், டபிள்யூ1058 என்றால் எதிர்த்திசையில் மாற்றுகிறேன், டேட்டா போகலாம் என்று அர்த்தம். அப்புறம் டபிள்யூ1050, செட்டுக்குள் எழுத்தைத் தேடும் பழைய பாஸ்கல் பழக்கத்துக்காக வருவது. இந்த மூன்றில் தமிழ்க்காரர்களுக்கு உயிர்நாடி 1058-தான். விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி கோட் பேஜே கிடையாது. அதனால் 1252 கோட் பேஜ் உள்ள மெஷினில் ‘நிதி’யை ஆன்சி ஸ்ட்ரிங்கில் போட்டால் கிடைப்பது நான்கு கேள்விக்குறி. திரும்ப எடுக்க வழியே இல்லை.

ஆனால் ஆயிரம் வார்னிங்குக்கு நடுவில் அந்த ஒரு 1058 எங்கே கண்ணில் படும்? 1057 பெரும்பாலும் ஆபத்தில்லாதது, அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் இரண்டையும் சேர்த்தே அணைத்துவிடுவார்கள். இன்னொரு கூத்து, மிக மோசமான பிழைக்கு அங்கே வார்னிங்கே வராது. ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தையும் நீளத்தையும் கொடுத்து ஸ்ட்ரீமில் எழுதுகிற பழைய வரி இருக்கிறதே, அது எவ்வளவு பைட் என்று எதிர்பார்க்கிறது, நாம் கொடுப்பதோ எத்தனை எழுத்து. ஒரு எழுத்துக்கு இரண்டு பைட் ஆன பிறகு சரியாகப் பாதி மட்டும் ஃபைலில் போய் உட்காரும். அந்த இடத்தில் பாராமீட்டருக்கு வகை கிடையாது, எனவே கம்பைலருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. டெல்பியில் இன்னும் வேலை செய்பவர்களுக்கு என் யோசனை: 1057-ஐ வேண்டுமானால் அணையுங்கள், 1058-ஐ மட்டும் எரர் ஆக்கிவிடுங்கள். அப்படிச் செய்ய டைரக்டிவ் (கம்பைலருக்கான கட்டளை வரி) இருக்கிறது. டெல்பியைப் போலவே பாஸ்கலில் எழுத உதவும் லாசரஸ் பக்கம் போனால் கதை மாறும். அங்கே 1.6 பதிப்பிலிருந்து சாதாரண ஸ்ட்ரிங்கில் யூடிஎஃப்-8 இருக்கும், ஆகவே நீளம் கேட்கும் அதே பாஸ்கல் வரி ‘நிதி’க்கு 12 என்று சொல்லும். இரண்டு கம்பைலரிலும் ஒரே சோர்ஸை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கவும்.

பைத்தானில் கம்பைல் கட்டம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, ஆகவே எல்லாம் ஓடும்போதுதான். 2008-ல் வந்த பைத்தான் 3 பைட்டையும் டெக்ஸ்டையும் கறாராகப் பிரித்தது, இரண்டையும் கூட்டினால் உடனே எரர். நல்லது. ஆனால் ஒப்பிட்டால்? சும்மா ‘பொய்’ என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். ‘-பிபி’ என்ற ஆப்ஷனோடு ஓட்டினால்தான் அது எரராகும். டெஸ்ட் ஓட்டும் இடத்தில் இதைப் போட்டு வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதைவிடச் சுவாரசியமானது ஃபைல் திறப்பது. விண்டோஸில் என்கோடிங் சொல்லாமல் ஃபைலைத் திறந்தால் பைத்தான் இவ்வளவு காலமும் சிஸ்டத்தின் கோட் பேஜைத்தான் எடுத்துக்கொண்டது, அதாவது பெரும்பாலும் 1252. அந்தக் கோட் பேஜில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. இப்போது தமிழைப் பாருங்கள்: புள்ளியின் யூடிஎஃப்-8 வடிவம் 141-ல் முடிகிறது, உகரக் குறி 129-ல், ஏ 143-ல், ஐ 144-ல். அதனால் ‘பணம்’ என்று இருக்கும் ஃபைலைப் படித்தால் பைத்தான் எரர் போட்டு நிற்கும், ‘நிதி’ என்று மட்டும் இருக்கும் ஃபைலைப் படித்தால் ஒரு முனகல்கூட இல்லாமல் குப்பை எழுத்துகளை அள்ளிக் கொடுக்கும். ஒரே பிழை, ஒரு சொல்லுக்குக் கத்துகிறது, இன்னொன்றுக்குக் கம்மென்று இருக்கிறது! சோதனைக்கு எந்தச் சொல்லை எடுத்தோம் என்பதைப் பொறுத்து நம் கோடு சரி, தப்பு. 3.10-ல் இதற்கென்று ஒரு வார்னிங் வந்தது, ஆனால் நாமே கேட்டு வாங்கினால்தான் வரும். 3.15-லிருந்து யூடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது, அதுவரை ஒவ்வொரு ஓபனிலும் என்கோடிங்கை எழுதித்தான் ஆக வேண்டும்.

பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (டெக்ஸ்டில் ஒரு மாதிரியைத் தேடும் குறியீடு) பற்றித் தனியாகவே புலம்பலாம். சொல்லின் எழுத்து என்று பொருள்படும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ போட்டுச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் இகரக் குறியையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளாது, ‘நிதி’யிலிருந்து ‘ந’ ஒன்று, ‘த’ ஒன்று என்று இரண்டு சொல் வரும். எரர் இல்லை, வார்னிங் இல்லை. வெளியிலிருந்து ‘ரீஜெக்ஸ்’ என்ற தனி மாட்யூலை நிறுவிக்கொண்டால் சரியாகும்.

அடுத்து கோவும் ரஸ்டும். இவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இரண்டும் வைத்திருப்பது ஒரே பைட்டுகள், நடந்துகொள்ளும் விதம்தான் நேரெதிர். கோ மொழியில் ஸ்ட்ரிங் என்பது வெறும் பைட் வரிசை, அது சரியான யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ‘நிதி’யின் முதல் நான்கு பைட்டை வெட்டச் சொன்னால் வெட்டிக் கொடுக்கும். ‘ந’ முழுசாகவும் இகரக் குறியின் மூன்றில் ஒரு பங்கும் கையில் வரும். அதை ஜேசன் (டேட்டா பரிமாறும் வடிவம்) ஆக்கினால் உடைந்த பைட்டின் இடத்தில் கேள்விக்குறி போட்ட டைமண்ட் எழுத்து வந்து உட்காரும், அதுவும் சத்தமில்லாமல். கோ கம்பைலரில் வார்னிங் என்ற ஒன்றே கிடையாது, எரர் அல்லது ஒன்றுமில்லை, அது அவர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு. முழு எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றும் குழப்பத்தை மட்டும் 1.15-லிருந்து ‘வெட்’ கருவி பிடிக்கிறது. எழுத்து நடுவில் வெட்டுவதை அது பிடிப்பதில்லை.

ரஸ்டில் அதே நான்கு பைட்டை வெட்டினால் புரோகிராம் அங்கேயே விழும். விழும்போது எந்த எழுத்துக்கு நடுவில் வெட்டினீர்கள், அந்த எழுத்து எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை என்று சொல்லிவிட்டுத்தான் விழும். ஐந்தாவது எழுத்தைக் கொடு என்று எண் போட்டுக் கேட்டால் கம்பைலே ஆகாது. சரி, ஓடும்போது விழுவதும் வேண்டாம் என்றால் ரஸ்ட் கோடைச் சோதிக்கும் க்ளிப்பி கருவியில் ‘ஸ்ட்ரிங் ஸ்லைஸ்’ என்ற லிண்ட் (சோதனை விதி) இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் பைட் கணக்கில் வெட்டும் ஒவ்வொரு இடத்தையும் காட்டிக்கொடுக்கும். சாதாரணமாக அது அணைந்துதான் இருக்கும், தமிழ் டெக்ஸ்டைத் தொடும் எந்த ப்ராஜெக்டிலும் முதல் நாளே இயக்க வேண்டியது அது. ரஸ்ட் ஒன்றும் குறையே இல்லாதது அல்ல. ஒரு எழுத்து ‘ஆல்ஃபபெட்டிக்’ தானா என்று கேட்டால் இகரக் குறிக்கு ஆம் என்கிறது, புள்ளிக்கு இல்லை என்கிறது (யூனிகோடின் வரையறை அப்படி). ஆக, பெயர் சரிபார்க்கும் கோடில் ‘நிதி’ தேறிவிடும், ‘பணம்’ தேறாது. பயனர் பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்கலாம் என்று விதி போடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரிக்கவும் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் வழி இல்லை, ‘யூனிகோட் செக்மென்டேஷன்’ க்ரேட்டை (வெளி லைப்ரரியை) கூப்பிட வேண்டும்.

வேரியபிளுக்கே தமிழில் பெயர் வைக்கிற ஆசை இருந்தால் வித்தியாசம் இன்னும் கூர்மை. ரஸ்ட் 1.53-லிருந்து, அதாவது 2021-லிருந்து, அனுமதிக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெயர்கள் வந்தால் வார்னிங்கும் தருகிறது. பைத்தான் 3 தொடக்கத்திலிருந்தே அனுமதிக்கிறது. கோ மொழியில் ‘நிதி’ என்று வேரியபிள் வைத்தால் இகரக் குறியைக் காட்டி இது செல்லாத எழுத்து என்று எரர் வரும். ‘ந’ என்று வைக்கலாம், ‘நிதி’ என்று வைக்க முடியாது. 1992-ல் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் போடும் தாளில் யூடிஎஃப்-8-ஐ வரைந்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும், கோ மொழியை உருவாக்கிய மூவரில் இருவரும் அவர்களேதான், அந்த மொழியில் போய் இப்படி!

சி++ பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒற்றை மேற்கோளுக்குள் ‘ந’ போட்டு ஒரு கேரக்டரில் வைத்தால் ஜிசிசி கம்பைலர் வார்னிங்கோடு விட்டுவிடும், க்ளாங் கம்பைலர் எரர் கொடுத்து நிறுத்தும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் சி4819 என்ற வார்னிங் (ஃபைலில் உள்ள எழுத்து கோட் பேஜில் இல்லை என்பது) வந்தால் அதை அணைக்காதீர்கள், யூடிஎஃப்-8 ஆப்ஷனைப் போடுங்கள். அவ்வளவுதான்.

ஸ்விஃப்டில் எண் போட்டு வெட்டவே முடியாது, எழுத்தாகத்தான் வெட்டலாம், தமிழுக்கு அது சொர்க்கம் மாதிரித் தோன்றும். அதிலும் ‘கொடி’யின் ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே கோட் பாயிண்டாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றேதான். ஸ்விஃப்ட் இரண்டும் சமம் என்கிறது, மற்ற மொழிகள் எல்லாம் வேறு வேறு என்கின்றன. ஆனால் இந்தச் சமத்துவம் ஆப்புக்குள்தான். அதே இரண்டு ‘கொடி’யும் சர்வருக்குப் போனால் பைட்டை ஒப்பிடும் டேட்டாபேஸ் அவற்றை இரண்டு பதிவாக வைத்துக்கொள்ளும், ஆப்பில் தேடிப் பார்க்கும் டெவலப்பருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் பிழை எங்கே என்றே பிடிபடாது. உள்ளே வரும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் ஒரே வழி. சோர்ஸ் கோடில் நாமே எழுதும் ஸ்ட்ரிங்குகளுக்கு மட்டும் இதைச் சொல்ல க்ளிப்பியில் ஒரு லிண்ட் உண்டு, பயனர் தட்டச்சு செய்து அனுப்புவதை எந்தக் கம்பைலரும் பார்க்கப்போவதில்லை. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் 2005-ல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம் என்ற பிரச்சினைக்கு என்எஃப்சியும் உதவாது, ஸ்விஃப்டும் அவற்றை வேறு வேறு என்றுதான் சொல்லும், அதற்கு நம் கையாலேயே ஒரு மாற்று அட்டவணை எழுத வேண்டியதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், தமிழ் டெக்ஸ்டை வெட்டி ஒட்டித் தேடி வரிசைப்படுத்தும் சர்வர் வேலைக்கு நான் ரஸ்டை எடுப்பேன், மேலே சொன்ன இரண்டு லிண்டையும் இயக்கிவிட்டு. டெக்ஸ்டைத் தொடாமல் இங்கே வாங்கி அங்கே கொடுக்கும் வேலை என்றால் கோ தாராளமாகப் போதும், வெட்டாத வரை அது எதையும் கெடுப்பதில்லை. ஒரு தடவை ஓட்டித் தூக்கிப்போடும் ஸ்கிரிப்டுக்குப் பைத்தான், ‘-பிபி’யும் என்கோடிங்கும் மறக்காமல். ஐபோன் ஆப்புக்கு ஸ்விஃப்ட் தவிர வேறு பேச்சு பெரும்பாலும் எழாது. டெல்பியைப் புதிதாக யாரும் எடுக்கப்போவதில்லை, ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அங்கே வேலை. அப்படிக் காப்பாற்றும்போது பழைய டேபிளில் பாமினி என்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த தமிழ் கிடந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். அது கம்பைலர் கண்ணுக்குச் சுத்தமான ஆங்கில எழுத்து. மேலே சொன்ன எல்லா மொழியும் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும், 1058 உட்பட எந்த வார்னிங்கும் அதைக் காட்டிக்கொடுக்காது.