அரக்கேரியா: பல வருடம் வீட்டுக்குள் வளர்த்த அனுபவம்

அரக்கேரியாவில் ஒரு கிளை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் நர்சரிகளில் கிடைக்கிற அதே மரம்தான். வெட்டிவிட்டால் அடர்த்தியாகத் தழைக்கும் மற்ற தொட்டிச் செடிகளைப் போல இதை நினைக்கக் கூடாது. நுனிக்குருத்தைக் கிள்ளினால் நேராக வளரும் அழகே போய்விடும். அதனால் இருக்கிற அடுக்குகளைக் காப்பாற்றுவதுதான் இதன் முழுப் பராமரிப்பும்.

அடிக்கிளைகள் போவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் வெளிச்சக் குறைவு. கூடத்தின் மூலையில் அழகுக்காக வைத்தால் சில மாதங்கள் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் தண்டு மெலிந்து நீளும், அடுக்குகளுக்கு இடையே இடைவெளி கூடும், கிளைகள் தொங்கும். என்னுடையது நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் நிற்கிறது; உச்சி வெயில் நேராகப் படாது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைப்பேன். திருப்பாமல் விட்டால் மரம் ஜன்னல் பக்கமே சாய்ந்து வளரும்.

அடுத்தது காற்றின் ஈரம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுதான் இதன் பிறப்பிடம். கடல் காற்றில் 50 மீட்டருக்கு மேல் வளரும் மரத்துக்கு, ஏசியும் ஹீட்டரும் ஓடும் அறையின் வறண்ட காற்று ஒத்துவருவதில்லை. ஊசி இலைகளின் நுனி பழுப்பாவதில் அது தெரிந்துவிடும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றிய தட்டின்மேல் தொட்டியை வைத்து, பக்கத்தில் இன்னும் சில செடிகளைச் சேர்த்தது நல்ல பலன் தந்தது. தொட்டியின் அடி தண்ணீரைத் தொடாமல் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், மேல் 2 செ.மீ. காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மண் சொதசொதவென்றே இருந்தால் வேர் அழுகி, இலை மஞ்சளாகும். உரம் துளிர் விடும் மாதங்களில் மட்டும் போதும், திரவ உரத்தைப் பாதியாக நீர்க்கச் செய்து கொடுக்கிறேன். தொட்டி மாற்றுவது 3, 4 வருடத்துக்கு ஒருமுறை. வேரைக் கலைப்பது இதற்குப் பிடிக்காது, ஒரு அளவு பெரிய தொட்டி போதும். உயரம் கூடக் கூட மேல்பாரம் ஏறும் என்பதால் கனமான மண் தொட்டிதான் என் தேர்வு.

சிலந்திப் பேனும் மாவுப்பூச்சியும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வறண்ட காற்றில்தான் சிலந்திப் பேன் அதிகம். ஆரம்பத்திலேயே ஷவரில் நன்றாக அலசிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மெதுவாக வளரும், அதிக இடம் கேட்காது, வருடம் முழுக்கப் பச்சை. வெளிச்சமான ஜன்னல் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். நாய், பூனை வளர்ப்பவர்கள் மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள், இலையைத் தின்றால் வாந்தி எடுக்கக்கூடும். வாங்கும்போது அடி அடுக்கு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை பெயின்ட்டோ மினுமினுப்போ தெளித்த செடி வேண்டாம், அந்தப் பூச்சு இலைக்கு வெளிச்சம் போகாமல் தடுத்துவிடும். அடர்த்தியாகத் தெரிய ஒரே தொட்டியில் பல கன்றுகளை நட்டிருப்பார்கள். ஒற்றைத் தண்டுள்ளது கிடைத்தால், மெலிவாகத் தெரிந்தாலும் அதையே எடுங்கள்.