சிசர் லிஃப்டோடு நாலு வருஷம்: ஏறும் முன் தரையைத் தட்டிப் பார்க்கிறேன்

சேலத்தில் மில், குடோன் ஷெட்டுகளுக்கு லைட்டும் வயரிங்கும் செய்து தருவது என் தொழில். சாரம் கட்டி ஏறிக்கொண்டிருந்த நாங்கள் நாலு வருஷம் முன்பு பேட்டரி சிசர் லிஃப்ட் ஒன்று வாங்கினோம்; கத்தரிபோல் விரியும் இரும்புக் கால்கள் ஆள் நிற்கும் மேடையைத் தூக்கும் சக்கர வண்டி அது. மேடை 19 அடி உயரும். நின்று கை நீட்டினால் 25 அடி எட்டும். இரண்டு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 230 கிலோ வரைதான். மேடையின் முன்பகுதியை இழுத்து நீட்டினால் அந்த நீட்சி தாங்குவது அதில் பாதிதான். கேபிள் சுருளை அங்கே வைக்க விடமாட்டேன்.

வண்டி நல்ல வண்டி. நம்பக்கூடாதது தரையைத்தான்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லில் பத்தடி உயரத்தில் நின்றபடியே மெதுவாக நகர்த்தினேன். முன் சக்கரத்தின் கீழே மொறுக்கென்று ஒரு சத்தம். மாவுத் தண்ணீர் போகும் வாய்க்கால் மேல் போட்டிருந்த சிலாப் அது. பூசி மெழுகியிருந்ததால் தெரியவில்லை. சக்கரம் இறங்கியது, மேடை ஒருபக்கம் சாய்ந்தது, அலாரம் கத்தியது. மேடை உயர்ந்ததும் சக்கரங்களுக்கு நடுவே தரையை ஒட்டி இறங்கி நிற்கும் இரும்புத் தடுப்பு உண்டு. அது வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்ததால்தான் கவிழாமல் நின்றோம். “அண்ணே, அசையாம அப்படியே இறக்குங்க” என்று கீழே இருந்த தம்பி கத்தினான். இறக்கினேன். கால் தரையில் பட்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

வண்டியே ஒன்றேகால் டன்னுக்கு மேல். அந்த எடை நாலு சக்கரத்தில் நிற்கிறது. அன்றிலிருந்து வண்டி போகும் வழி முழுக்க கடப்பாரையால் தட்டிக்கொண்டே நடப்பேன். கெட்டித் தரை ‘ணங்’ என்னும், அடியில் பள்ளம் இருந்தால் ‘டொம்’ என்னும். சாய்வு அலாரம் தொல்லை என்று சென்சார் வயரைக் கழற்றிவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பேட்டரிக்கு ராத்திரி சார்ஜ், சார்ஜ் முடிந்த பின் டிஸ்டில்டு வாட்டர். அவ்வளவுதான்.

ஏற்காட்டில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் வேலைக்கு இந்த வண்டியைக் கொண்டு போகவில்லை. என்னுடையது உள்ளே மட்டும் ஓட்டும் மாடல், காற்றுக்கு ஆகாது. நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை உள்ள பூம் லிஃப்ட் வாடகைக்கு எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவும் லாரியில் ஏற்றினோம். அதற்கு மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று வரைதான் அனுமதி. கையில் காற்றுமானி இருந்தும், சில்வர் ஓக் மரங்களின் உச்சி வளைய ஆரம்பித்தாலே இறங்கிவிடுவோம். பூமில் பெல்ட்டைக் கூடைக்குள் இருக்கும் கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும். சக்கரம் ஒரு குழியில் குதித்தால் போதும், கூடை ஆளைத் தூக்கி வெளியே எறிந்துவிடும்.

அப்புறம், கீழே நிற்கும் ஆளுக்கு அவசரமாக இறக்கும் கைப்பிடி எங்கே என்று தெரிய வேண்டும். தினமும் காலையில் நான் மேடையில் ஆறடி ஏறி நிற்பேன், தம்பி அதை இழுப்பான். மேடை முழுக்க இறங்கி உட்கார்ந்த பிறகுதான் சாமான்களை ஏற்றுவோம்.