ஊசி குத்தாம சுகர் பாக்குற வாட்ச்சுன்னு சொல்லி 7,400 ரூபாய உருவிட்டாய்ங்க, வீட்டுல சுகர்காரங்க இருந்தா படிங்க

இப்ப தான் குமுளியில இருந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன், சட்டை கூட மாத்தல, அப்படியே உக்காந்து எழுதுறேன். நாளைக்கு எழுதலாம்னு விட்டா கோவம் ஆறிரும், ஆறக்கூடாது. 7,400 ரூபா. அம்மா சுகருக்குன்னு வாங்குன வாட்ச்சு. பணம் மட்டும் போயிருந்தா கூட பல்லக் கடிச்சுக்கிட்டு விட்டுருப்பேன், இது எங்கம்மா உசுரு வரைக்கும் போயிட்டு வந்துருச்சு. கடை பேரு போடல, போட்டா பிரச்சனை வரும்னு வீட்டுல பயப்படுறாங்க. கேரளா எல்லைக்கு அங்கிட்டு புதுசா தொறந்த ஒரு மொபைல் கடை, ஸ்மார்ட் வாட்ச்சு, இயர்பட்ஸு, பல்புக்குள்ள கேமரா, இந்த மாதிரி புது ஐட்டமா விக்கிற கடை, அம்புட்டு தான் சொல்லுவேன். வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில வெவரமா எழுதுறேன், முழுசா படிங்க.

நாங்க கம்பம். அம்மாவுக்கு 61 வயசு, 14 வருசமா சுகர், நாலு வருசமா இன்சுலின். வாரத்துல ஆறு நாள் வெள்ளன ஜீப்புல ஏறி மேல ஏலக்கா தரம் பிரிக்கப் போறவங்க, 7 மில்லிமீட்டர் காய் எது 8 மில்லிமீட்டர் காய் எதுன்னு கண்ணாலயே சொல்லிருவாங்க. அவங்க வெரல பாத்தீங்கன்னா நுனியெல்லாம் காப்பு காச்சு கறுத்துக் கெடக்கும். அதுல தான் தெனமும் ஊசி. ஒரு குத்துல ரத்தம் வராது, அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு பக்கத்துல இன்னொரு குத்து குத்துனா தான் கடுகு அளவு வரும். குத்துறது நான் தான். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மொகத்த மட்டும் அங்கிட்டு திருப்பிக்குவாங்க. இதப் பாத்துப் பாத்து தான் எனக்கு இந்த வாட்ச்சு மேல ஆசையே வந்துச்சு.

போன மாசக் கடைசி ஞாயித்துக்கெழம, ஒரு காதுகுத்துக்கு குமுளி போயிட்டு திரும்புறப்ப அந்தக் கடை வாசல்ல பெரிய பிளெக்ஸு. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், சுகர் பிரஷர் ஆக்சிஜன் எல்லாம் மணிக்கட்டுலன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் போட்டுருந்தாய்ங்க. உள்ள போனா கவுன்ட்டர்ல ஒரு பையன், நம்ம தமிழ் பேசுறான், ஊரு எதுப்பான்னு கேட்டா உத்தமபாளையம்ங்கிறான். அங்கயே நான் பாதி விழுந்துட்டேன். அங்கிட்டுப் போயி நம்ம ஊர்ப் பேச்சு காதுல விழுந்தா மனசு எளகத்தான செய்யுது. அம்மாவ சேர்ல உக்கார வச்சான், தண்ணி குடுத்தான், ஆத்தா கையக் குடுங்கன்னு பதமா புடிச்சு வாட்ச்ச மாட்டிவிட்டான். அப்ப அம்மா வெரல பாத்துட்டு, எத்தன குத்து குத்தியிருக்காங்க, இனிமே ஒங்களுக்கு இந்த நரகம் கெடையாதுன்னு சொன்னான் பாருங்க, எனக்கு கண்ணே கலங்கிப் போச்சு. எங்கப்பாவும் இதத்தான் கட்டியிருக்காருன்னு போன்ல ஒரு போட்டோ வேற காட்டுனான்.

அடுத்து தான் இருக்கு சூது. ஆப்ப தொறந்து வயசு, எடை, சுகர் எத்தன வருசமா இருக்கு, மாத்திரையா இன்சுலினான்னு ஒவ்வொண்ணா கேட்டு டைப் பண்ணான். கடைசியா எப்ப பாத்தீங்க எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டான், காலையில 168னு அம்மா சொன்னாங்க, அதையும் போட்டான். வாட்ச்சு அடியில பச்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுச்சு, ஒரு நிமிசம் கழிச்சு 164னு காட்டுச்சு. பாத்தீங்களாண்ணே எப்படி கரெக்டா வருதுன்னான். நாமளே சொன்ன எண்ண நமக்கே திருப்பிக் காட்டியிருக்கு, அந்த நேரத்துல எனக்கு அது ஒறைக்கல. 8,500 வெலை, நம்ம ஊர்க்காரங்க, 7,400 குடுங்கன்னான். யுபிஐல அனுப்புனேன். பில்லு கேட்டதுக்கு மிஷின் ரிப்பேருண்ணேன்னு ஒரு சின்னத் துண்டுச் சீட்டுல வாட்ச் 1, 7,400னு எழுதிக் குடுத்தான், வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அம்மாவோட பதினஞ்சு நாள் கூலிக்கு மேல வரும் அந்தக் காசு.

ஒம்போது நாள் நல்லாத்தான் போச்சு. அம்மா தெருவுல எல்லாருகிட்டயும் காட்டுனாங்க, ஜீப்புல கூட வர்ற பொம்பளைகள்ல ரெண்டு பேரு நாங்களும் வாங்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. ஊசி மிஷின தூக்கி செல்ப்புல வச்சுட்டோம். புதன்கெழம ராத்திரி வாட்ச்சு 212 காட்டியிருக்கு. 200க்கு மேல இருந்தா ரெண்டு யூனிட்டு கூட்டிப் போட்டுக்கங்கன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு, அதனால அம்மா கூட்டிப் போட்டுட்டு படுத்துட்டாங்க. விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சவங்க அடுப்படியில சொவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, சேலையெல்லாம் தொப்பலா நனைஞ்சுருக்கு, கை வெடவெடன்னு ஆடுது, என்னம்மான்னா பேச்சு கொழறுது. நான் மொதல்ல வாட்ச்சத்தான் பாத்தேன். 126. நார்மல்னு பச்சக் கலர்ல எழுதியிருக்கு. சுகர் இல்ல, பிரஷரா இருக்கும் போலன்னு ஆட்டோவுக்கு போன் போட்டுக்கிட்டு இருக்கேன், என் வீட்டுக்காரி தான் கேக்காம செல்ப்புல இருந்து பழைய மிஷின எடுத்து குத்துனா. 48.

70க்கு கீழ போனாலே லோ சுகர். 48ங்கிறது எந்த நேரமும் மயங்கி விழுற எண்ணு. மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சுக் குடுத்தோம், நல்லவேளை முழுங்குற அளவுக்கு நெனவு இருந்துச்சு, காமணி நேரம் கழிச்சுப் பாத்தா 79 வந்துச்சு. அப்பவும் அந்த வாட்ச்சு 126லயே நிக்குது, 124, 127ன்னு சும்மா ஆடிக்கிட்டு. அன்னைக்கி காலையில டாக்டர் வாட்ச்ச கையில வாங்கிப் பாத்துட்டு, இத நம்பியா இன்சுலின் கூட்டுனீங்கன்னு ஒரு வார்த்த தான் கேட்டாரு. தூக்கு மாட்டிக்கலாம் போல இருந்துச்சு.

மச்சினன் லேப் டெக்னீசியன். அவன் வந்து தான் வெளக்குனான், இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன். வாட்ச்சு அடியில எரியிற பச்ச லைட்டு நாடித்துடிப்பு எண்ணுறதுக்கு. ரத்தம் செகப்பு, அது பச்ச வெளிச்சத்த உறிஞ்சிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்தம் கூடிக் கொறையிறப்ப திரும்பி வர்ற வெளிச்சமும் ஏறி எறங்கும், அத எண்ணி தான் துடிப்பு சொல்லுது. ஆக்சிஜனுக்கு செவப்பு லைட்டும், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட்டும், ஆக்சிஜன் இருக்குற ரத்தமும் இல்லாத ரத்தமும் அந்த ரெண்டையும் வேற வேற அளவுல உறிஞ்சும். இதெல்லாம் உண்மையான வேலை. ஆனா சர்க்கரைக்கு நெறமே கெடையாது. சுகர் 100 இருந்தா ஒரு லிட்டர் ரத்தத்துல ஒரு கிராம், ஒடம்புல இருக்குற அஞ்சு லிட்டர் ரத்தத்துக்கும் சேத்து ஒரு டீஸ்பூன் தான். அம்புட்டுத் தண்ணிக்குள்ள கரைஞ்சு கெடக்குற அந்த டீஸ்பூன தோலுக்கு மேல லைட்டு அடிச்சு எப்படிக் கண்டுபுடிக்கும்? கூகுள்காரங்களே கண்ணீர்ல சுகர் பாக்குற கான்டாக்ட் லென்ஸுன்னு 2014ல அறிவிச்சு, சரியா வரலன்னு 2018ல நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலயே சொல்லிருச்சு, தோலக் குத்தாம சுகர் பாக்குறேன்னு சொல்ற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்க அனுமதி குடுக்கலன்னு. நான் பிளெக்ஸப் பாத்தேன், இதப் பாக்கல.

வெரல்ல குத்துற மிஷின்ல ஸ்ட்ரிப்புல ஒரு என்சைம் தடவியிருக்காங்க, அது ரத்தத்துல இருக்குற சர்க்கரையோட சேந்து கொஞ்சூண்டு கரண்டு உண்டாக்கும், அந்தக் கரண்ட அளந்து தான் எண்ணு வருது. கையில வட்டமா ஒட்டிக்கிட்டு ரெண்டு வாரம் ஓடுற சென்சாரு கூட இருக்கு, ஆனா அதுலயும் முடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள போயி தான் அளக்கும், அதுல இருந்து ப்ளூடூத்துல எண்ண வாங்கி சில வாட்ச்சுங்க காட்டும். காட்டுறது தான் வாட்ச்சு, அளக்குறது சென்சாரு. இந்தக் குழப்பத்த வச்சு தான் இவய்ங்க பொழைக்கிறாய்ங்க.

மச்சினன் ஒண்ணு செஞ்சான். வாட்ச்ச கழட்டி ஒரு பச்ச வாழக்காய்ல இறுக்கிக் கட்டுனான். பச்ச லைட்டு எரிஞ்சுச்சு, ஒரு நிமிசம் சுத்துச்சு, துடிப்பு 74, சுகர் 119. நானும் வீட்டுக்காரியும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டோம். அப்படியே கட்டி வச்சுட்டு மதியம் ரெண்டு மணிக்குப் பாத்தா 143, ராத்திரி ஒம்போதுக்கு 131. சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் ஏத்தி, பெறகு எறக்கி, நம்ம டைப் பண்ணுன வெவரத்த சுத்தியே எண்ணு போடுது. எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சுருக்கேன். அம்மா அத ஒரு தடவ பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க, ஒண்ணுமே சொல்லல.

இனி கடைக்காரய்ங்க கதை. வெள்ளிக்கெழம போன் போட்டேன், அதே பையன், அண்ணே ஆப்ப அப்டேட் பண்ணி ஃபுல் சார்ஜ் போடுங்கன்னான். அம்மா சாகப் பாத்தாங்கடான்னு கத்துனேன், லைன்ல வேற கஸ்டமர் இருக்காங்க அப்புறம் பேசுறேண்ணேன்னு வச்சுட்டான். சனிக்கெழம வேலைய விட்டுட்டு மலையேறிப் போனா பையன் லீவு, முதலாளி இல்லா, நாளெ வரூ சேட்டான்னு இன்னொருத்தன். அவன் சொன்ன நாளைக்கு, அதாவது ஞாயித்துக்கெழம, மறுபடி போனேன், கடை பூட்டு. வாட்ஸப்புல வாழக்காய் வீடியோவ அனுப்புனேன், ரெண்டு நீல டிக்கு விழுந்துச்சு, பதில் இல்ல, பொழுதடைய பாத்தா பிளாக் பண்ணிட்டாய்ங்க.

இன்னைக்கி முதலாளியப் புடிச்சுட்டேன். டப்பாவ வாங்கித் திருப்பி, அடியில வெலை ஸ்டிக்கர நகத்தால உரிச்சு, அதுக்குக் கீழ எறும்பு மாதிரி இருக்குற இங்கிலீசு எழுத்தக் காட்டுறான். இது மருத்துவக் கருவி இல்ல, வெறும் ஃபிட்னஸ்க்குன்னு போட்டுருக்காம். ஸ்டிக்கர அதுக்கு மேல ஒட்டுனது யாருய்யா? வாசல்ல பிளெக்ஸு கட்டுனது யாரு? பில்லு காமின்னான், துண்டுச் சீட்ட நீட்டுனா இது எங்க சீட்டே இல்லங்கிறான். யுபிஐ ரசீதக் காட்டுனா அது கடை கணக்குக்கு வரல, பையன் பேருக்குப் போயிருக்கு, அவனக் கேளுங்கங்கிறான். அவன் எங்கன்னா வேலைய விட்டு நின்னுட்டானாம். 7,400 ரூபாய்க்கு பதிலா ஒரு இயர்பட்ஸ எடுத்து நீட்டுறான்! அம்மாவுக்கு இயர்பட்ஸு! வேண்டாம்னு தள்ளுனதுக்கு, நிங்கள் தமிழ்நாடு, அவிடெ போயி கேஸு கொடுக்குன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்ட பேசப் போயிட்டான். அந்த அடுத்த ஆளும் ஒரு வயசான பெரியவரக் கூட்டிக்கிட்டு தான் வந்துருந்தாரு. நான் அவருகிட்ட சத்தமா சொல்லிட்டுத் தான் வந்தேன், வாங்காதீங்க, இது வாழக்காய்க்கும் சுகர் காட்டும்னு.

அவன் சொன்னத அப்படியே செய்யப் போறேன். 2019 நுகர்வோர் சட்டத்துல நாம குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸு குடுக்கலாம், கடை கேரளாவுல இருந்தாலும் சரி. குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா அதுக்கு பீஸு கெடையாது. பில்லு குடுக்காம விக்கிறதும், பில்லுல நாள் எதுவும் போடாதப்ப 30 நாளுக்குள்ள கோளாறான சாமான திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றதும் அந்தச் சட்டத்துல தப்புன்னே எழுதியிருக்கு. வரும்போது ஜீப்புலயே நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போட்டு வெவரம் சொல்லிட்டேன், டப்பா, சீட்டு, யுபிஐ ரசீது, வீடியோ எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொன்னாங்க.

வெவரமா எழுதுறேன்னு சொன்னேன், மணி எட்டாச்சு, அம்மாவுக்கு சுகர் பாக்கணும், அதனால முக்கியமானது மட்டும். ஊசியோ தோலுக்குள்ள போற சென்சாரோ இல்லாம சுகர் காட்டுற எதையும் வாங்காதீங்க, வாட்ச்சு, மோதிரம், வெரல்ல மாட்டுற கிளிப்பு எதுவா இருந்தாலும். உண்மையான சுகர் மிஷின் டப்பாவுல லைசன்ஸ் நம்பர் இருக்கும், இல்லன்னா வச்சுட்டு வந்துருங்க. பில்லு இல்லாம காசு அனுப்பாதீங்க, அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல கடை பேரு வருதா ஆள் பேரு வருதான்னு பாருங்க. இந்த மாதிரி வாட்ச்சு ஏற்கெனவே கட்டியிருக்குறவங்க தயவுசெஞ்சு அத வச்சு இன்சுலின் அளவ மாத்தாதீங்க, வேர்த்து நடுங்குனா வாட்ச்சப் பாக்காம வெரல்ல குத்திப் பாருங்க, மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.

ஜீப்புல வர்ற அந்த ரெண்டு அக்காகிட்டயும் வாங்க வேண்டாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க. 7,400 ரூபா வருதா வரலையான்னு தெரிஞ்சதும் இங்கயே எழுதுறேன். அந்த வாட்ச்சு செவ்வகமா இருக்கும், அடியில நாலு பச்ச லைட்டு, கறுப்பு டப்பா, டப்பா மேல ஒரு சொட்டு ரத்தத்த குறுக்க கோடு போட்டு அடிச்ச படம். அதப் பாத்தா வாங்காதீங்க.