சக்கரம் சக்கரமாகவே விழும் லென்ஸ்: சாம்யாங் 8 மி.மீ. ஃபிஷ்ஐ

சின்ன சைக்கிளில் வித்தை காட்டும் பி.எம்.எக்ஸ் விளையாட்டைப் படம் எடுப்பதற்கென்று முதல் ஃபிஷ்ஐ லென்ஸ் (காட்சியை வளைத்து மிக அகலமாகக் காட்டும் லென்ஸ்) வாங்கப் போகிறவர்கள், கேமரா நிறுவனங்களின் விலை கூடிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குப் போகும் முன் கொரியாவின் சாம்யாங் செய்யும் 8 மி.மீ. எஃப் 3.5 லென்ஸை ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். ரோக்கினான், போவர், வால்இமெக்ஸ் என்று வேறு பெயர்களிலும் இதே லென்ஸ் கிடைக்கும். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இதில் எடுத்தால் சைக்கிள் சக்கரம் சக்கரமாகவே விழுகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பெரும்பாலான ஃபிஷ்ஐ லென்ஸ்கள் நடுவில் இருப்பதைப் பெரிதாக்கி, ஓரத்தில் இருப்பதை நசுக்கும். ரைடர் நடுவில் நன்றாக இருப்பார். மூலைக்குப் போன முன்சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். சாம்யாங் ஸ்டீரியோகிராஃபிக் என்ற முறையில் காட்சியைப் பதிக்கிறது. நேர்கோடுகள் இதிலும் வளையும், அதில் மாற்றமில்லை. ஆனால் லென்ஸைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வட்டம் படத்தின் எந்த ஓரத்துக்குப் போனாலும் வட்டமாகவே இருக்கும். முகங்களும் அப்படித்தான், அதிகம் சப்பையாகாது. கட்டடங்களையோ கடற்கரையையோ எடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம். பி.எம்.எக்ஸ் சைக்கிள் என்பதே இரண்டு 20 அங்குலச் சக்கரங்களும் நடுவில் ஒரு சின்ன ஃப்ரேமும்தான். டேபிள்டாப் போடும்போது ரைடர் சைக்கிளைக் காற்றில் படுக்க வைப்பார். இரண்டு சக்கரமும் நம் பக்கம் திரும்பும். அந்த நொடியில் ஒன்று வட்டமாகவும் ஒன்று முட்டையாகவும் விழுந்தால், எவ்வளவு அழகாகப் போட்ட டேபிள்டாப்பும் கோணலாகத் தெரியும். வெளியே பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இது கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமை (35 மி.மீ. ஃபிலிம் அளவு) விடச் சின்ன சென்சார் உள்ள கேமராவுக்காகச் செய்த லென்ஸ். நிக்கான் போன்றவற்றின் 1.5 மடங்கு சின்ன சென்சாரில் மூலைக்கு மூலை 180 பாகை விழும். கேனானின் 1.6 மடங்கு சின்ன சென்சாரில் சுமார் 167 பாகை. கேனான்காரர்கள் இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஓரத்தில் நம் காலோ ஃப்ளாஷ் ஸ்டாண்டோ வந்து விழும் தொல்லை அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆட்டோஃபோகஸ் கிடையாது. கேட்டவுடன் பலர் பின்வாங்குவது இங்கேதான், எனக்கோ இது வசதி. ரைடர் நம்மை நோக்கி வரும் வேகத்தில், படத்தை நிரப்பும் தூரத்தில், எந்த ஆட்டோஃபோகஸும் ஹேண்டில்பாரைப் பிடிப்பதா, ஹெல்மெட்டைப் பிடிப்பதா என்று ஒரு கணம் யோசிக்கும். இங்கே அந்தக் கேள்வியே இல்லை. அபெர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை அரை மீட்டர் அளவில் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் போதும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் பெடலும், தூரத்தில் இருக்கும் கட்டடமும் சேர்ந்தே தெளிவாக இருக்கும். லென்ஸில் அச்சிட்ட அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வாங்கிய அன்றே வீட்டில் சில படங்கள் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, அப்புறம் டேப் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு ஃபோகஸ் என்ற ஒன்றையே மறந்துவிடலாம்.

நான் லண்டனில் இருக்கிறேன். இந்த லென்ஸ் அதிகம் வேலை செய்தது தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சவுத்பேங்க் அண்டர்க்ராஃப்டில். 1967-இல் திறந்த குவீன் எலிசபெத் ஹால் என்ற இசை அரங்கின் அடிவயிறு அது. 1970களிலிருந்து ஸ்கேட்போர்டுக்காரர்களும், பின்னால் பி.எம்.எக்ஸ்காரர்களும் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட இடம். 2013-இல் அங்கே கடைகள் கொண்டுவரும் திட்டம் வந்தபோது 'லாங் லிவ் சவுத்பேங்க்' என்ற இயக்கம் எதிர்த்து நின்றது. 2014-இல் இடம் காப்பாற்றப்பட்டது. அடைத்து வைத்திருந்த ஒரு பகுதி 2019-இல் மீண்டும் திறந்தது. அந்தத் தூண்களும் கான்கிரீட் சரிவுகளும் இருப்பதால் இங்கே ஃபிஷ்ஐக்குத் தனி வாழ்வு. தூண் படத்தின் நடுவே போனால் நேராக நிற்கும். ஓரத்துக்கு நகர்த்தினால் வில்லாக வளைந்து ரைடரைச் சூழ்ந்துகொள்ளும். எங்கே நிற்கிறோம் என்பதில் ஓரடி மாறினால் படமே வேறு.

வெளிச்சம்தான் அங்கே சிக்கல். ஆற்றுப் பக்கம் பளீரென்று இருக்கும், உள்ளே இருட்டு. 180 பாகையில் இரண்டும் ஒரே படத்தில் விழும். ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது. வெளியே இருக்கும் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைப் பொருத்தி, ரைடரை ஃப்ளாஷால் நிரப்புவதே வழி. சாதாரண கேமராக்கள் ஃப்ளாஷோடு நொடியில் 200-இல் ஒரு பங்கு அல்லது 250-இல் ஒரு பங்கு வேகத்துக்கு மேல் போகாது. சுழலும் சைக்கிளை நிறுத்த ஷட்டருக்கு அந்த வேகம் போதாது. நிறுத்துவது ஃப்ளாஷின் சின்ன வெட்டுத்தான். ஃப்ளாஷை முழு சக்தியில் வைக்காமல் கால் பங்குக்கோ எட்டில் ஒரு பங்குக்கோ குறைத்தால் அது ஒளிர்ந்து அணையும் நேரமும் குறையும், டெயில்விப்பில் சுற்றும் ஃப்ரேம்கூட உறைந்து நிற்கும். இரண்டு சின்ன ஃப்ளாஷ், ஒரு ரேடியோ ட்ரிக்கர். இந்த லென்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்பதால் ஃப்ளாஷை ஒளித்து வைக்க இடம் வேண்டும். அண்டர்க்ராஃப்டில் அதற்குத்தான் தூண்கள்!

கிழக்கு லண்டனின் ஹார்ன்சர்ச்சில் இருக்கும் 'ரோம்' ஸ்கேட்பார்க் வேறு மாதிரி. 1978-இல் கான்கிரீட்டில் கட்டிய அது, 2014-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐரோப்பாவில் அந்த மதிப்பு பெற்ற முதல் ஸ்கேட்பார்க். அங்கே குழியின் விளிம்பில் படுத்து எடுக்கும்போது விளிம்பின் வளைவும் லென்ஸின் வளைவும் சேர்ந்துகொள்ளும். லென்ஸ் காட்டும் வளைவு எது, கான்கிரீட்டில் உள்ளது எது என்று பிரிக்க முடியாது. எனக்குப் பிடித்த படங்கள் பல அப்படி வந்தவை.

கிட்டே போக வேண்டும். இதில் சமரசமே இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ரைடர் பெரிய கான்கிரீட்டின் நடுவே ஒரு புள்ளி. என் அக்கா மகன் பெக்கில் (சக்கர அச்சில் மாட்டும் குழாய்) கிரைண்ட் போடும்போது, அதாவது அதை விளிம்பில் உரசி வழுக்கும்போது, "மாமா, இன்னும் கிட்ட வாங்க, நான் இறங்குற இடம் அந்தப் பக்கம்தான்" என்று அவனே சொல்லுவான். அந்தப் பேச்சு படத்துக்கு முன்னால் நடந்தாக வேண்டும். எங்கே இறங்குவார், தவறினால் சைக்கிளை எந்தப் பக்கம் விடுவார் என்று கேட்காமல் லென்ஸைக் கொண்டுபோய் நீட்டுவது ரைடருக்குச் செய்யும் அநியாயம். லென்ஸின் முன் கண்ணாடி உப்பி வெளியே நிற்கிறது, ஃபில்டர் மாட்டவும் வழியில்லை. பெடல் பின் ஒன்று பட்டால் அவ்வளவுதான். கூட வருகிறவர்களை நைலான் பெடலும் பிளாஸ்டிக் பெக்கும் போடச் சொல்லுவேன். முழங்காலுக்குக் கீழே எலும்புக்கும் நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கேமராவைத் தரையோடு வைத்து மேல்நோக்கி எடுத்தால் சைக்கிளோடு முழங்கால் உயரம் குதிக்கும் பனிஹாப் மாடி உயரமாகத் தெரியும். அது ரைடருக்கும் பார்ப்பவருக்கும் சொல்லும் பொய். நான் கேமராவைச் சக்கரத்தின் அச்சு உயரத்துக்குக் கீழே கொண்டுபோவதில்லை. எழும்பும் இடமும் இறங்கும் இடமும் படத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பி.எம்.எக்ஸ் படக்காரர்கள் காலங்காலமாகப் பிடித்துவரும் மரியாதை. பி.எம்.எக்ஸ் ஆக்‌ஷன் பத்திரிகைக்கு வின்டி ஆஸ்போர்ன் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 1984-இல் தொடங்கிய ஃப்ரீஸ்டைலின் பத்திரிகையில் இளைஞராகப் படம் எடுத்தவர்தான் பின்னால் திரைப்பட இயக்குநரான ஸ்பைக் ஜோன்ஸ். இந்த விளையாட்டில் படம் எடுப்பவர் வெளியாள் அல்ல. பெரும்பாலும் அவரும் சைக்கிள் ஓட்டியவர்தான்.

பழைய படங்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். அப்போது முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 44 பல், பின்னால் 16. இப்போது 25-க்கு 9. விகிதம் கிட்டத்தட்ட அதேதான். சின்னதாக்கியதால் கிரைண்ட் போடும்போது ஸ்ப்ராக்கெட் விளிம்பில் இடிப்பது குறைந்தது, எடையும் குறைந்தது. ஹேண்டில்பாரை முழுச் சுற்றுச் சுற்றும் பார்ஸ்பின் போட்டால் பிரேக் கம்பி முறுக்கிக்கொள்ளக் கூடாது என்று பிரயன் ஸ்க்யூரா கண்டுபிடித்த ஜைரோ என்ற சுழல் இணைப்பும் பழைய சைக்கிள்களில் தெரியும். இப்போது தெருவில் ஓட்டும் பலர் பிரேக்கே வைப்பதில்லை, ஹேண்டில்பாரைச் சுற்றி ஒரு கம்பியும் இல்லை. ஃபிஷ்ஐயில் அந்தச் சுத்தமான ஹேண்டில்பார் முன்னால் வந்து நிற்கும் அழகே தனி.

எதற்கு இது உதவாது? மண்மேட்டிலிருந்து பறக்கும் பெரிய டர்ட் ஜம்ப், நீளமான இடைவெளியைத் தாண்டும் கேப், படிக்கட்டுத் தாண்டல். கிட்டே நிற்க முடியாத எதற்கும் தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. போன்ற லென்ஸை எடுங்கள். சூரியனை நேரே பார்த்தால் சில கோணங்களில் ஒளிப்புள்ளிகள் விழும். முன்னால் இருக்கும் பூவிதழ் வடிவ மறைப்பால் (ஹூட்) 180 பாகை லென்ஸில் அதிகம் காப்பாற்ற முடியாது. எஃப் 3.5-இல் ஓரங்கள் மென்மைதான். ஃப்ளாஷோடு எடுக்கும் எனக்கு எஃப் 8-க்குக் கீழே போகும் தேவை வருவதில்லை, அங்கே ஓரம் வரை கூர்மை திருப்தியாக இருக்கிறது.

வாங்கும்போது மவுண்ட்டை (கேமராவில் மாட்டும் பகுதி) பாருங்கள். நிக்கானுக்குச் சிப் வைத்த ஏ.இ. பதிப்பு உண்டு, அதில் கேமராவிலிருந்தே அபெர்ச்சரை மாற்றலாம், மீட்டரும் வேலை செய்யும். கூடுதல் காசுக்குத் தகும். சிப் இல்லாதவற்றில் லென்ஸ் வளையத்தில்தான் மாற்ற வேண்டும். முதல் பதிப்பில் முன் மறைப்பைக் கழற்ற முடியாது, இரண்டாம் பதிப்பில் முடியும். பழையது வாங்கினால் முன் கண்ணாடியை டார்ச் அடித்துப் பாருங்கள், பி.எம்.எக்ஸ்காரரிடமிருந்து வாங்கினால் இரண்டு முறை பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர்கள் இந்த 8 மி.மீ.-யை விட்டுவிட்டு, இதே நிறுவனத்தின் 12 மி.மீ. எஃப் 2.8 ஃபிஷ்ஐயைத் தேடுங்கள். அதுவும் ஸ்டீரியோகிராஃபிக்தான்.