குளிரில் லாரி ஸ்டார்ட் ஆகலையா? உடனே டீசல் பம்பைக் கழட்ட விடாதீங்க (34,500 ரூபாய் போச்சு)

34,500 ரூபாய். மனைவி எடுத்த ஏலச்சீட்டுப் பணம் அது. வயிறு எரிகிறது.

எனக்குத் திருச்செங்கோடு. பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். பத்து நாளைக்கு முன்னால் தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றினேன். திம்பம் மலைப்பாதையில் ராத்திரி லாரி விட மாட்டார்கள், அங்கேயே படுத்துவிட்டேன். மார்கழிக் குளிர். விடிகாலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. சைலன்சரில் துளி புகை இல்லை. டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை அடித்து அடித்து, கை ஓய்ந்த பிறகுதான் பிடித்தது.

சரக்கை இறக்கிவிட்டு, சத்தியமங்கலம் பக்கம் ஒரு டீசல் பம்ப் பட்டறையில் விட்டேன். ஓனர் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையோடு வந்த டீசலை உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். "பம்ப் தேஞ்சிருச்சுங்கண்ணா. இப்படியே ஓட்டினீங்கன்னா திம்பம் இருபத்தேழு வளைவுல எதுலயாவது நின்னுரும். நம்ம வண்டியாட்டப் பாத்துக் குடுக்கறனுங்க." டீயும் வாங்கிக் கொடுத்தார். நம்பிவிட்டேன். பம்ப், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் எல்லாம் சேர்த்து 34,500. பில் கிடையாது, ஒரு துண்டுச்சீட்டு.

அடுத்த நடையில் தாளவாடியில் மறுபடி அதே கதை. போன் செய்தால், "அது வேற ஃபால்ட்டுங்க." மறுநாள், "ஓனர் கோயிலுக்குப் போயிருக்காருங்க." அப்புறம் எடுப்பதே இல்லை.

நேற்று எங்க ஊர் மெக்கானிக் டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸை வளைத்துக் காட்டினார். கிளிப் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்ததும் அது வழியாகக் காற்று புகுந்து, டீசல் ராத்திரியோடு டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஹோஸும் கிளிப்பும் 260 ரூபாய். அந்தப் பட்டறைக்காரர் கையில் பிடித்துக் காட்டிய நுரையே காற்றுதான்! அதைக் காட்டித்தான் என்னிடம் 34,500 வாங்கியிருக்கிறார்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் முதலில் பேட்டரி, டெர்மினல், எர்த் வயரைப் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் புகை வரவில்லையென்றால் டீசல் போகவில்லை. ஃபில்டர், ஹோஸ், ஜாயின்ட். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. பம்ப் கடைசி. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அவசரத்தில் டேங்குக்கு அடியில் தீ மட்டும் காட்டிவிடாதீர்கள்.

இன்றைக்குக் காலையிலும் அந்தப் பட்டறைக்கு மூன்று தடவை போன் அடித்தேன். கட் செய்கிறார்கள்.