காயத்திற்குப் பின் ஆடுவதா, விலகுவதா: ரொனால்டோவும் வான் பாஸ்டனும்

பெருங்காயம் கண்ட கால்பந்து முன்கள வீரர் மீண்டும் களமிறங்குவதா, ஓய்வு பெறுவதா என்று தடுமாறும்போது, பிரேசிலின் ரொனால்டோ, நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் ஆகிய இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

காயம்: ரொனால்டோவுக்கு முழங்கால் தசைநாண் கிழிந்தது. வான் பாஸ்டனுக்குக் கணுக்கால் மூட்டே தேய்ந்தது. என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்கும் வேறுபாடு இதுதான். கிழிந்த தசைநாணைத் தைத்து, போதிய காலம் கொடுத்தால் அது வலுப்பெறலாம். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வது அரிது.

காத்திருப்பு: 1999 நவம்பரில் காயமுற்ற ரொனால்டோ, 2000 ஏப்ரலில் இத்தாலியக் கழகமான லாட்சியோவுக்கு எதிராகத் திரும்பிய சில நிமிடங்களிலேயே அதே முழங்காலைப் பற்றிக்கொண்டு விழுந்தார், அடுத்த பருவம் முழுவதையும் இழந்தார். வான் பாஸ்டன் 1993 மே மாத ஐரோப்பியக் கழகக் கோப்பை இறுதிப்போட்டிக்குப் பின் தன் கழகமான மிலானுக்காக ஆடவே இயலாமல், 1995-இல் விலகினார்.

பலன்: ரொனால்டோ 2002 உலகக் கோப்பையில் 8 கோல்கள் அடித்தார், இறுதிப்போட்டியில் மட்டும் 2. ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதை மும்முறை வென்ற வான் பாஸ்டனின் கடைசிப் போட்டியோ 28 வயதிலேயே முடிந்தது. அந்த இழப்பு இன்றும் மனத்தை வருத்துகிறது.

தசைநாண் காயமும், அவசரப்படுத்தாத மருத்துவக் குழுவும் உள்ள இளம் வீரருக்கு ரொனால்டோவின் வழி பொருந்தும். அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் வலி தணியாத மூட்டுடன் வாழ்பவர், வலியின்றி நடப்பதையே முதன்மையாகக் கருதி விலகுவது நல்லது.